பிளானிங் போர்டா, ஸோனிங் போர்டா? மாசசூசெட்ஸ் சிற்றூரில் எந்த நாற்காலிக்கு முயலலாம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு சிற்றூரில் வீடும் வாங்கிவிட்ட தமிழர்களுக்கு, ஊர் விவகாரத்தில் இறங்கும் ஆசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். பக்கத்துக் காலிமனையில் பெரிய கட்டடம் வரப்போகிறது என்று கேள்விப்படுவார்கள். உடனே, "பிளானிங் போர்டு தேர்தலில் நின்றால் என்ன?"

தாராளமாக நிற்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் வேறு வழி பாருங்கள். அடுத்த மனை விஷயத்தில் உங்களுக்குப் பண சம்பந்தம் உண்டு என்றே மாநில நெறிமுறைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த விண்ணப்பம் விசாரணைக்கு வரும்போது நீங்கள் விலகி உட்கார வேண்டியதுதான்.

பிளானிங் போர்டில் 5 முதல் 9 பேர். பெரும்பாலான ஊர்களில் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சில ஊர்களில் நியமனம். மனைப் பிரிப்பு, கட்டட வளாக வரைபடம், ஸோனிங் விதி (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதி) திருத்தங்களின் வரைவு ஆகியவை இவர்கள் வேலை. ஸோனிங் போர்டுக்குப் பொதுவாகத் தேர்தல் கிடையாது. ஊர் நிர்வாகத்தை நடத்தும் செலக்ட் போர்டு பெரும்பாலும் ஆள் பார்த்து நியமிக்கும். விதிவிலக்கு கேட்டு வருபவர்கள் நிற்பது இந்த போர்டின் முன்னால்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஊரே பயப்படும் பெரிய அடுக்குமாடித் திட்டம் பல நேரம் பிளானிங் போர்டுக்கு வருவதே இல்லை. ஊரின் வீடுகளில் 10 சதவீதம் மலிவு விலை வீடுகளாக இல்லையென்றால், மலிவு வீடுகளுக்கு வழிவிடும் 40பி என்ற மாநிலச் சட்டப்பிரிவைப் பிடித்துக்கொண்டு கட்டுநர் நேரே ஸோனிங் போர்டுக்குப் போய்விடலாம். ஓட்டு கேட்டு ஜெயித்தவர் பார்வையாளர் வரிசையில் இருக்க, யாரும் ஓட்டுப் போடாதவர் முடிவெடுப்பார்.

பிளானிங் போர்டின் கையில் இருக்கும் அதிகாரமும் வெளியிலிருந்து தெரிகிற அளவுக்கு இல்லை. ஏற்கெனவே உள்ள பொதுச் சாலையை ஒட்டி, ஒவ்வொரு மனைக்கும் விதிப்படி முகப்பு அகலம் இருக்கிற மாதிரி ஒருவர் நிலத்தைப் பிரித்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போர்டு 21 நாளுக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போர்டு சம்மதித்தால் மட்டுமே கட்டலாம் என்று ஸோனிங் விதி வைத்திருக்கும் திட்டங்களுக்கான சிறப்பு அனுமதியில்தான் கொஞ்சம் பிடி உண்டு. ஐவர் போர்டில் பொதுவாக 4 பேர் சம்மதம் தேவை என்பதால் இருவர் மறுத்தாலே போதும். ஆனால் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சில வகை வீட்டுத் திட்டங்களுக்கு வெறும் பெரும்பான்மை போதும்.

செலக்ட் போர்டு வேறு ரகம். பட்ஜெட், உரிமங்கள், நியமனங்கள் என்று வாரம் முழுக்க இழுக்கும். புதிதாக வருபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஸோனிங் விதியையே மாற்ற ஆசையா? அதை நிறைவேற்றுவது ஊர்ச் சபையான டவுன் மீட்டிங். திறந்த டவுன் மீட்டிங் நடக்கும் ஊரில், பதிவு செய்த எந்த வாக்காளரும் போய் ஓட்டுப் போடலாம்; தேர்தலில் நிற்கவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு பிளானிங் போர்டுக்குத்தான். விதியின் முதல் வரைவு பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. டவுன் மீட்டிங்கில் பேசுபவர்கள் அதன் ஓரத்தைத்தான் செதுக்க முடியும். தேர்தலும் எளிது. பெரும்பாலான ஊர்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, 50 கையெழுத்து போதும். அவை தேர்தலுக்கு 49 நாள் முன்பே சரிபார்ப்புக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து வாங்கச் சிறந்த இடம், வீட்டுக் குப்பையை மக்களே காரில் கொண்டுவந்து கொட்டும் மையம். சனிக்கிழமை காலை அங்கே அட்டையும் பேனாவுமாக நின்றால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். கிறுக்கல், பழைய முகவரி என்று சில கழிந்துபோகும். பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்குங்கள். ஜெயித்த பிறகு வாட்ஸப்பில் ஜாக்கிரதை: ஐவர் போர்டில் மூவர் சேர்ந்து அங்கே போர்டு விஷயம் விவாதித்தால் போர்டு பேச்செல்லாம் பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்ற திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாகிவிடும்.

ஓட்டு கேட்கக் கூச்சமா? சில ஊர்களில் பிளானிங் போர்டுக்கு நியமனத்தில் ஓர் இணை உறுப்பினர் இருப்பார். சிறப்பு அனுமதி விசாரணையில் ஆள் குறைந்தால் அவருக்கு ஓட்டு உண்டு. இடையில் ஒரு நாற்காலி காலியானால், செலக்ட் போர்டும் மீதி உறுப்பினர்களும் சேர்ந்து அடுத்த ஊர்த் தேர்தல்வரை ஒருவரை அமர்த்துவார்கள். ஊர் ஆவணங்களையும் தேர்தலையும் கவனிக்கும் டவுன் கிளார்க்கிடம் கேட்டால் எந்த இடம் காலி என்று சொல்லிவிடுவார்.