இலையுதிர்காலத்துக்குப் பிள்ளைகளின் மழையுடை: ரப்பர் வகையா, மெல்லிய ஓவராலா?

வெப்ப நாட்டிலிருந்து வட ஐரோப்பாவுக்குக் குடிவரும் குடும்பங்கள் பல, செப்டம்பரிலேயே பிள்ளைகளுக்குத் தடித்த பஞ்சு ஜாக்கெட் வாங்கிவிடுகின்றன. அதற்கு அவசரமே இல்லை. 5 முதல் 12 டிகிரி வரையிலான இலையுதிர்காலக் குளிரைவிட, விடாத தூறலும் சேறும்தான் பிள்ளையை நடுங்க வைக்கும். பஞ்சு ஜாக்கெட்டோடு ஓடினால் வியர்க்கும், நனைந்தால் எளிதில் காயாது. அந்த ஜாக்கெட்டைப் போட்டபடியே காரில் குழந்தை இருக்கையின் பெல்ட்டைக் கட்டுவதும் ஆபத்து. மோதும்போது பஞ்சு அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பெல்ட் தளர்ந்துபோகும். இங்குள்ள மழலையர் பள்ளிகள் மழையிலும் பிள்ளைகளை வெளியே விடும். எனவே முதலில் வாங்க வேண்டியது மழையுடைதான்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பாலியூரித்தேன் பூசிய ரப்பர் போன்ற செட்: தோள்பட்டி வைத்த கால்சட்டையும் மேல்ஜாக்கெட்டும். இதன் தையல்கள் வெப்பத்தில் ஒட்டப்பட்டவை, நீர் புக வழியில்லை. சேற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குறை ஒன்றுதான்: காற்றும் போகாது. அரை மணி நேரம் ஓடிய பிள்ளையின் சட்டை உள்ளே ஈரமாக இருந்தால் உடை ஒழுகுகிறது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது வியர்வை.

மற்றது, உட்புறம் நீர்த்தடுப்புப் படலம் வைத்த மெல்லிய ஓவரால், அதாவது மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒரே உடை. எடை குறைவு, வியர்வை ஆவியும் ஓரளவு வெளியேறும், நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். ஆனால் பராமரிப்பு கேட்கும். இந்த வகையை வாங்கும்போது லேபிளில் உள்ள மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். துணி எவ்வளவு உயர நீர்ப்பத்தியின் அழுத்தத்தைத் தாங்குகிறது என்பதே அந்த எண். நின்றபடி மழையில் நனைய 3,000 போதும். பிள்ளைகளோ நிற்பதில்லை, குட்டையில் உட்காருவார்கள், முழங்காலில் தவழ்வார்கள். உடல் எடை ஈரத் தரையில் அழுந்தும் இடத்தில் நீர் துணிக்குள் தள்ளப்படும். 8,000க்குக் கீழே வாங்கினால் முதலில் நனைவது பின்புறம்தான். எண் பெரிதாக இருந்தும் தையல்களின் உட்புறத்தில் டேப் ஒட்டப்படவில்லை என்றால் ஊசித்துளை வழியே ஒழுகும். உடையைப் புரட்டிப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ள முடியும்.

எங்கள் தேர்வு வயதைப் பொறுத்தது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஓவரால், ஏனென்றால் இடுப்பில் இடைவெளியே இல்லை. மழலையர் பள்ளிக்கு ரப்பர் செட். அங்கே நடக்கும் மண் விளையாட்டை மெல்லிய படலம் நெடுநாள் தாங்காது. தனியாகக் கழிப்பறை போகும் வயதில் ஓவரால் பெரும் தொல்லை: ஜிப்பை இறக்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். பள்ளி வயதில் ஜாக்கெட்டும் இடுப்புக் கால்சட்டையும் தனித்தனியாக இருக்கட்டும்.

அளவுகள் சென்டிமீட்டர் உயரத்தில் குறிக்கப்படும்: 98, 104, 110, 116. உள்ளே ஃபிளீஸ் எனும் மெத்தென்ற கதகதப்பான ஆடை போட இடம் வேண்டும் என்பதால் ஓர் அளவு கூட்டி எடுங்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகுமே என்று இரண்டு கூட்டினால் கால்பகுதி தரையில் இழுபட்டுப் பிள்ளை தடுக்கி விழும். ஏழு வயதுக்குட்பட்டோரின் தலைமூடியில் இழுகயிறு கூடாது என்பது ஐரோப்பிய ஈஎன் 14682 தரவிதி. பழைய உடையில் இருந்தால் உருவிவிடுங்கள். மாலை சீக்கிரமே இருட்டிவிடுவதால் ஒளி திருப்பும் பட்டை கணுக்காலிலும் இருப்பது நல்லது, காரின் விளக்கொளி முதலில் படும் இடம் அதுதான்.

கால்சட்டை பூட்ஸுக்கு மேலே வர வேண்டும், அடியிலுள்ள பட்டி பூட்ஸின் அடிப்புறத்தில் மாட்ட வேண்டும். பூட்ஸுக்குள் செருகினால் வழிகிற மழை முழுவதும் காலுக்குள் இறங்கும். அறுந்துபோவதும் பெரும்பாலும் இந்தப் பட்டிதான். தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் மழையுடை.

ஓவரால் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், நீர்விலக்கும் பூச்சு கெட்டுவிடும். மழைத்துளி உருண்டோடாமல் துணியில் ஊறத் தொடங்கினால் துவைத்து, லேபிள் அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் சுழற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் நீர்விலக்கி ஸ்ப்ரே. ரப்பர் செட்டை உலர்த்தியிலோ அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேலோ போட்டால் பூச்சு உரியும். ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பயன்படுத்திய உடை வாங்குவது புத்திசாலித்தனம், பிள்ளைகள் இதைக் கிழிப்பதற்குள் வளர்ந்துவிடுவார்கள். வாங்குமுன் உட்புறம் பிசுபிசுக்கிறதா, டேப் உரிகிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு பின்புறப் பகுதிக்கு அடியில் டிஷ்யூ தாளை வைத்து, மேலே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். தாள் நனைந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.