தலைக்கு 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய 'பொன்னியின் செல்வன்' போட்டோ டூர்: பெங்களூர்க்காரர்கள் உஷார்

பெங்களூரில் இருந்துகொண்டு இன்ஸ்டாகிராமில் கடை விரித்திருக்கும் ஒரு போட்டோ டூர் குழுவைப் பற்றிய எச்சரிக்கை இது. பேர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள். அடையாளம் மட்டும் சொல்கிறேன்: கல்கி நாவலில் வரும் இடங்களுக்கு ஆடிப்பெருக்கை ஒட்டி மூன்று ராத்திரி டூர், மடிவாளாவில் பிக்கப், 'பத்தே பேர்', தலைக்கு 18,500 ரூபாய். நாலும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அவர்கள்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

போனில் பேசும் ஆள் நாவலைக் கரைத்துக் குடித்தவர். வீராணம் ஏரிக்கரையில் ஆரம்பித்து கடம்பூர் மாளிகை, குடந்தை ஜோதிடர் வீடு, பழையாறை, கோடிக்கரை, கொடும்பாளூர் என்று வரிசை பிசகாமல் சொல்வார். "வந்தியத்தேவன் குதிரை நின்ன அதே கரையில உங்க டிரைபாடை (கேமரா முக்காலியை) நிறுத்துறேன் சார், சூரியன் தண்ணியில இறங்கும்போது ஷட்டரை அமுக்குறீங்க" என்பார். பெங்களூர்த் தமிழனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதோடு விட்டாலும் பரவாயில்லை, யோசிக்கிறோம் என்று சொன்ன உடனே வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் போட்டோ வரும். தொல்லியல் துறையின் லெட்டர்ஹெட், சிங்க முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, 'டிரைபாட் பயன்படுத்த அனுமதி' என்று ஒரு வரி. எந்த நினைவுச் சின்னத்துக்கு என்று இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் செல்போன் பிளாஷ் வெளிச்சம் பட்டு வெள்ளையாக இருக்கும். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் பணத்தைப் போட்டது. முதலில் 8,500, கிளம்புவதற்கு முந்தின வாரம் 10,000. ஆக 18,500. இரண்டும் யுபிஐயில், ஒரு தனிநபர் கணக்குக்கு.

வண்டி வந்தபோதே வேஷம் கலைய ஆரம்பித்துவிட்டது. பத்துப் பேர் என்றவர்கள் பதினேழு பேரை ஏற்றினார்கள். 17 சீட் டெம்போ டிராவலரில் ஒரு சீட் காலி இல்லை, கேமரா பையெல்லாம் நடக்கிற வழியில். கணக்கைப் போட்டுப் பாருங்கள், 17 பேருக்கு 3,14,500 ரூபாய். அவ்வளவு வாங்கிக்கொண்டு கொண்டுவந்தது வெள்ளை நம்பர் பிளேட் வண்டி. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பிளேட் இருக்கவேண்டும், மாநிலம் தாண்டினால் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் வேண்டும். மத்திய அரசின் விதிப்படி அந்தப் பெர்மிட் எடுத்த வண்டிக்கு எல்லையில் தனியாக வரி கிடையாது. இவர்களோ ஓசூரில் சோதனைக்கு நிறுத்தியதும், 'பார்டர் டாக்ஸ்' என்று தலைக்கு 600 ரூபாய் வசூல் பண்ணினார்கள். ரசீது? "அங்கெல்லாம் ரசீது தர மாட்டாங்க சார்."

வீராணத்துக்குப் போய்ச் சேர்ந்தது உச்சி வெயிலில். இடம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மோசடி என்று புரியும். ஏரியின் பெரிய கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் மேற்கே. கரையில் நின்றால் சாயங்காலம்தான் படம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறரை மணி சுமாருக்கு சூரியன் நேரே தண்ணீருக்கு மேல் இறங்கும், கரையிலிருக்கும் மரமும் ஆளும் கருநிழலாக விழும். மதியம் பன்னிரண்டுக்கு அங்கே இருப்பது வெளிறிய வானமும் கண் கூசும் தண்ணீரும்தான். "இருபது நிமிஷம் சார், பெரிய கோயிலுக்கு லேட் ஆகுது" என்று விரட்டினார்கள். விளம்பரத்தில் போட்ட படகும் இல்லை. ஆளில்லாத ஒரு பரிசல்கூட இல்லை.

விருது வாங்கிய ஒரு போட்டோகிராபரின் படத்தைப் போட்டுத்தான் விளம்பரம் செய்தார்கள். வந்தது கல்யாண ஆர்டர் எடுக்கும் ஒரு தம்பி. தம்பி மேல் கோபமில்லை, அவருக்கே இன்னும் சம்பளம் வரவில்லையாம். ஆனால் உச்சி வெயிலில் 16 மி.மீ. லென்ஸில் போலரைசரை (வானத்தின் நீலத்தைக் கூட்டும் பில்டரை) மாட்டச் சொன்னார். அவ்வளவு அகலமான லென்ஸில் போலரைசர் போட்டால் வானம் சமமாக வராது, ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிறலுமாகப் பட்டை விழும். நல்ல ஆசிரியராக இருந்தால் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் நடந்தது உச்சம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் கையில் பிடித்து ஸ்டில் எடுக்கலாம், டிரைபாடுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். காவலர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒரிஜினல் லெட்டர் இருக்கா சார்?" செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினார்கள். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது போன வருஷத் தேதி. எங்க கோயில் பேரும் இதுல இல்லையே" என்றார். டிரைபாடுகள் எல்லாம் வண்டிக்குத் திரும்பின. அந்தக் கடிதம் வேறு யாருக்கோ வேறு ஏதோ இடத்துக்குக் கொடுத்தது. அதைக் காட்டித்தான் ஒவ்வொருவரிடமும் 18,500 கறந்திருக்கிறார்கள்.

டிரைபாட் இல்லாவிட்டாலும் அன்றைய வெளிச்சம் வீணாகியிருக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் சூரியன் நேர்மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி மறையும். அதனால் சாயங்காலம் விமானத்தின் மேற்கு முகத்தோடு வடக்கு முகத்திலும் சாய்ந்த ஒளி விழுந்து சிற்பமெல்லாம் எழுந்து நிற்கும். வடமேற்கில் சுப்பிரமணியர் சன்னிதிப் பக்கம் போய் நிற்கவேண்டும். கிட்டே நின்று 16 மி.மீ.யில் அண்ணாந்து பிடித்தால் 216 அடி விமானம் பின்பக்கம் சாயும். முடிந்தவரை பின்னால் போய், கேமராவை அண்ணாத்தாமல் மட்டமாகப் பிடித்து, 24 மி.மீ.யில் செங்குத்தாக இரண்டு மூன்று பிரேம் எடுத்து ஒட்டுவதுதான் வழி. வெளிச்சம் மங்கியதும் எஃப் 4, 1/60, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்துக் கையிலேயே சமாளிக்கலாம். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. எல்லாரும் நந்தி முன்னால் நின்று செல்பி எடுத்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் கோடிக்கரை. "பாரஸ்ட் பெர்மிஷன் கேன்சல் ஆயிடுச்சு" என்று காலையில் சொன்னார்கள். கோடிக்கரை சரணாலயத்துக்குப் பார்வையாளர்கள் வனத்துறையிடம் நுழைவுச்சீட்டு வாங்கிப் போகிறார்கள், அதற்குத் தனிப் பெர்மிஷன் ஒன்றும் வேண்டாம். வேதாரண்யம் வரை டீசல் செலவு, அதுதான் விஷயம். விளம்பரத்தில் போட்டிருந்த பூநாரைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வலசைப் பறவைகள் கூட்டமாக வருவது அக்டோபருக்குப் பிறகு. ஆகஸ்ட் டூருக்குப் பூநாரை படம் போடுகிறவனுக்கு ஒன்று ஊர் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். கோடிக்கரைக்குப் பதிலாக ஒரு தஞ்சாவூர் ஓவியக் கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். யாருக்குக் கமிஷன் என்று கேட்கவேண்டுமா?

பழையாறை என்று விளம்பரத்தில் ஒரு அரண்மனை. அது தஞ்சாவூரில் நாயக்கர்களும் மராட்டியர்களும் கட்டிய அரண்மனை. பழையாறையில் சோழர் அரண்மனை எதுவும் நிற்கவில்லை, பக்கத்துக் கிராமத்துக்கு சோழன்மாளிகை என்ற பேர்தான் மிச்சம். சோமநாதர் கோயில் இருக்கிறது, அற்புதமான கல்வேலை, அங்கே பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். கொடும்பாளூர் மூவர் கோயில் வண்டி ஜன்னல் வழியாக. சாப்பாடு, ரூம் பற்றி எழுதினால் பதிவு நாறும், விடுங்கள்.

பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கும் படலம். முதலில், "டென்ஷன் ஆகாதீங்க சார், ஆபரேஷன்ஸ் டீம் பார்த்துக்குவாங்க." அடுத்து, "அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவர் ஊருக்குப் போயிருக்கார்." அடுத்து, "மழை, டிராபிக், இதெல்லாம் எங்க கையிலயா இருக்கு மேடம்?" மழையே பெய்யவில்லை ஐயா! கடைசியில் 18,500க்குப் பதிலாக 5,000 ரூபாய் வவுச்சர், அதுவும் அடுத்த டூரில் மட்டும் செல்லும். அடுத்த டூர் என்ன தெரியுமா? ஆகும்பேயில் 'மால்குடி பாதை', சூரிய அஸ்தமன ஸ்பெஷல், ஆகஸ்ட் கடைசியில். ஆர்.கே. நாராயணின் மால்குடி கற்பனை ஊர், டிவி தொடர் எடுத்தது ஆகும்பேயில், அதுவரை சரி. ஆனால் வருஷத்துக்கு 7,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில் ஆகஸ்டில் எந்த அஸ்தமனத்தைக் காட்டப் போகிறார்கள்? மூடுபனிக்கு நடுவில் பத்தடி தூரத்து ஆளே தெரியாது.

இதை குரூப்பில் கேட்டவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டார்கள். இன்ஸ்டாவில் கமெண்ட் மூடியாச்சு. ஜிஎஸ்டி பில் கேட்டு விடாமல் நச்சரித்ததில் ஒரு பிடிஎஃப் வந்தது: 17,619 கட்டணம், 5 சதவீதம் 881, மொத்தம் 18,500. ஜிஎஸ்டி எண்ணை எண்ணினால் பதினான்கு எழுத்து. பதினைந்து இருக்கவேண்டும். வரி என்று பிடித்த 881 ரூபாய் யார் பாக்கெட்டில்?

சரி, விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இது போதும்.

ஜிஎஸ்டி எண்ணை முன்பே வாங்கி அரசாங்கத் தளத்தில் போட்டுப் பாருங்கள். கர்நாடகப் பதிவு 29 என்று தொடங்கும். தனிநபர் யுபிஐக்கு அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டின பணத்தைத் திருப்பி வாங்குவது) கேட்க வழியாவது உண்டு. வண்டி நம்பரை இரண்டு நாள் முன்னதாகக் கேளுங்கள், பிளேட் நிறத்தையும். அனுமதிக் கடிதம் காட்டினால் இடத்தின் பேர், தேதி, யார் பேருக்கு என்று மூன்றையும் முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். 'கோல்டன் ஹவர்' (சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்வெளிச்ச நேரம்) என்று மட்டும் எழுதியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குப் போன் போட்டுத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். 18,500 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்பதுதான் அவர்கள் தைரியம்.

வாட்ஸ்அப் குரூப் சாட்டை இன்றைக்கே எக்ஸ்போர்ட் பண்ணி உங்கள் மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். அட்மின் நினைத்தால் எல்லாருக்கும் சேர்த்து மெசேஜை அழித்துவிட முடியும். அந்தக் கடிதத்தின் போட்டோவை இப்போது அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.