ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்தால் முதலில் ஸ்டிக்கரைப் பிரித்துப் பாருங்கள்

சாலிகிராமம், வடபழனி பக்கம் ஷூட்டிங் சாமான் வாடகைக்கு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒலி பதியும் ரெக்கார்டரில் ஒரு மாடலின் பெயரைச் சொல்லி வேறொன்றைத் தந்து ஒரு கடைக்காரர் எங்களை ஏமாற்றினார். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் ஓர் ஆயாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம். நாங்கள் மூன்று பேர், சொந்தக் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்து விசைப்படகுகள் திரும்பியதும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏலம்தான் எங்கள் படத்துக்கு உயிர். விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஆயா நம்மோடு பேசும்போது குரல் தணிந்தே இருக்கும். வஞ்சிரம் கூடை முன்னால் வந்துவிட்டால் பத்துப் பேரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்துவார். அந்த நெரிசலில் நின்று கெய்னை, அதாவது மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் அளவை, திருகிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் தணிந்த பேச்சையும் பெரிய கத்தலையும் ஒன்றாகத் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை உள்ள ரெக்கார்டர் தேடினோம். வழக்கமான 24 பிட்டில் சத்தம் ரெக்கார்டரின் உச்ச அளவான 0 டெசிபலைத் தாண்டினால் மேலே உள்ளது வெட்டுப்பட்டுப் போகும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை அப்படியே மீட்க முடியாது. ஃப்ளோட்டில் பதிந்திருந்தால் எடிட்டில் அளவைக் குறைத்தாலே அலை முழுசாகக் கிடைக்கும். மைக்கோ, அதன் சத்தத்தை வயர் இல்லாமல் ரெக்கார்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரோ முன்னாலேயே சத்தத்தைக் கிழித்துவிட்டால் ஃப்ளோட்டும் காப்பாற்றாது. அதற்காக டிரான்ஸ்மிட்டரின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தே வைத்திருந்தோம்.

‘ஜூம் எஃப்8என் ப்ரோ இருக்கு, வாங்க’ என்று கடையிலிருந்து போனில் சொன்னார்கள். ஃப்ளோட் வசதி உள்ள ரெக்கார்டர் மாடல் அது. ஒரு நாள் வாடகை 1,800 ரூபாய், அட்வான்ஸ் 5,000. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் கடைக்காரர் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். ‘32 ஃப்ளோட்லதான் செட் பண்ணியிருக்கேன் தம்பி. லெவலைப் பத்தி யோசிக்காம எடுங்க’ என்றார். மாடல் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தில் கடையின் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பார்த்தேன், ஆனால் சந்தேகம் வரவில்லை.

ஆயாவின் தணிந்த பேச்சுக்கு ஏற்ற மாதிரி கெய்ன் வைத்து, விடியும் முன்பே பதிவு தொடங்கினோம். ஏலத்தின்போது ஹெட்ஃபோனில் சத்தம் கிழிந்தது. ஃப்ளோட்டிலும் ஹெட்ஃபோனில் அப்படிக் கேட்கலாம், ஃபைல் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து அளவைக் குறைத்தேன். ஆயா கத்திய இடமெல்லாம் அலையின் தலை கத்தரியால் வெட்டிய மாதிரி தட்டையாக இருந்தது. ஃபைல் விவரத்தைப் பார்த்தால் 24 பிட். ஸ்டிக்கரைப் பிரித்தேன். எஃப்8என் என்று மட்டும்தான் இருந்தது, ப்ரோ இல்லை. எஃப்8என் 2018-இல் வந்தது, ப்ரோ 2022-இல். இரண்டுக்கும் எட்டு இன்புட் (மைக் செருகும் இடம்), உருவமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஃப்ளோட் ப்ரோவில் மட்டும்தான்.

எஃப்8என் மட்டமான மெஷினே இல்லை, அதுதான் என் ஆத்திரம். உண்மையைச் சொல்லியிருந்தால் அதை வைத்தே வேலையை முடித்திருப்பேன். அதில் சத்தம் எல்லை மீறாமல் அடக்கும் நல்ல லிமிட்டர் இருக்கிறது. முதல் நான்கு இன்புட்டை 5 முதல் 8 வரை உள்ள டிராக்குகளில் குறைந்த அளவில் இன்னொரு தடவை பதியும் வசதியும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது இரண்டே மைக். கத்தலும் பேச்சும் இரண்டுமே பத்திரமாக வந்திருக்கும். பொய்யான பெயரைச் சொன்னதால் அது எதையும் நான் ஆன் செய்யவே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, ‘ரெண்டும் ஒண்ணுதான், அப்டேட் போட்டா வந்துடும்’ என்றார். வராது. ப்ரோவில் ஒவ்வொரு இன்புட்டுக்கும், ஒலியை எண்களாக மாற்றும் ஏ-டி கன்வெர்ட்டர் இரண்டு இருக்கிறது. அது உள்ளே இருக்கும் பொருள், அப்டேட்டில் இறங்காது. அப்புறம் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டேன் என்று சொல்லி அட்வான்ஸில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். பில் கிடையாது. பணம் போனது அவருடைய சொந்த நம்பருக்கு.

இனி எடுப்பவர்கள் லேப்டாப்போடு போங்கள். மெனுவில் 32 பிட் ஃப்ளோட் என்ற தேர்வு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். பிறகு கெய்னை ஏற்றி, ரெக்கார்டரில் நேரடியாகச் செருகிய மைக்கில் அங்கேயே ஒரு கத்து கத்திப் பதிந்து, ஃபைலைத் திறந்து அளவைக் குறைத்துப் பாருங்கள். தலை தட்டையாகவே இருந்தால் வாங்காதீர்கள். மாடல் பெயரும் சீரியல் நம்பரும் போட்டு பில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். கடை ஸ்டிக்கர் எதை மறைத்தாலும் அவர் கண் முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஏலக் காட்சிக்கு இப்போது கேமரா மைக்கின் சத்தம்தான் இருக்கிறது. அதில் ஆயாவின் குரலைவிடப் பக்கத்தில் நின்ற வண்டியின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். போனில் அனுப்பிய செய்திகளும் பணம் போட்ட ரசீதும் மட்டுமே என்னிடம் இருக்கும் சாட்சி. அந்தப் பகுதியில் ‘ப்ரோ’ என்று சொல்லி உங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய எஃப்8என் தந்திருந்தால், பழைய ஃபைல்களைத் திறந்து எத்தனை பிட் என்று பாருங்கள். 24 என்று இருந்தால் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.