தேக்குக் கதவுக்கு லின்சீட் ஆயில்: எந்த டின் வாங்கலாம்?

திருநெல்வேலி ஜங்ஷன், பாளையங்கோட்டை பெயிண்ட் கடைகளில் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், கேட்டால் எதுவும் சேர்க்காத ரா, சீக்கிரம் காயும் டபுள் பாயில்டு என்று இரண்டு உண்டு. கதவு ஜன்னலுக்கு டபுள் பாயில்டுதான். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளின் தேக்கு நிலைக்கும் திண்ணைத் தூணுக்கும் வார்னிஷைவிட இது தேவலை. வார்னிஷ் வெயிலில் செதில் செதிலாக உரியும். இது மரத்துக்குள் இறங்கிவிடும். மங்கினால் மேலே இன்னொரு கை பூசினால் போச்சு.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. ரா இறுக நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் ஆகும். பாயில்டில் உலோக உப்பு சேர்ப்பதால் ஒரு நாளில் பிடித்துவிடும். அதனாலேயே அதை வாயில் வைக்கக் கூடாது.

சில்லறையாக அளந்து தருவதை நம்பி வாங்க வேண்டாம். மினரல் ஆயில் (இறுகாத பெட்ரோலிய எண்ணெய்) கலந்திருந்தால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மெல்லிசாகத் தேய்த்து வையுங்கள். நல்ல பாயில்டு மறுநாள், மிஞ்சினால் அதற்கு மறுநாள், தோல் கட்டும்.

பூசும் முன் பழைய பூச்சைச் சுரண்டி, 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போடவும். முதல் கைக்கு எண்ணெயும் டர்பென்டைனும் சரிபாதி. 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்தெடுக்கணும். மறுநாள் இரண்டாம் கை, எண்ணெய் மட்டும், அதையும் துடைத்துத்தான். அவசரத்தில் பெயிண்டர்கள் விடுவது இந்தத் துடைப்பைத்தான். பூவேலை இடுக்கில் தேங்கிய எண்ணெய் பாலாடை மாதிரி மேலே மட்டும் சுருங்கி நிற்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே காயாமலே இருக்கும். அப்புறம் சுரண்டுவதுதான் வழி.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது வரும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லையேல் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் காய்வது தள்ளிப்போய்க் கரும்பூஞ்சாணம் பிடிக்கும். பங்குனி வெயில் தோது. கரையானை இது தடுக்காது, அதற்குத் தனி மருந்துதான். வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும் என்பதால் வெளிர் மரத்துக்கு வேண்டாம்.

ராவை ஒதுக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் பேட்டுக்கு அதுதான், கைப்பிடி செருகிய இடத்தை விட்டுவிட்டு மெல்லிசாக. ஜன்னல் கண்ணாடிப் பட்டிக்கும் அதுவே: ஒரு கிலோ சாக் பவுடருக்கு 150 முதல் 200 மில்லி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையணும்.

ஒரு வாசல் கதவுக்கு அரை லிட்டர் தாராளம். பாதி டின்னை மூடி வைத்தால் உள்ளிருக்கும் காற்றிலேயே ஆடை கட்டும். மீதியைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.