ரசத்துக்கு எந்த உப்பு? சோடியம் குறைந்த உப்போடு எட்டு மாதம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பேரங்காடியில், உப்பு வைக்கும் தட்டின் ஓரத்தில் பச்சை மூடி போட்டு நிற்கும் டப்பா இது. 400 கிராம், 2 வெள்ளி 60 காசு. அதே தட்டில் சாதா உப்பு ஒரு கிலோ ஒரு வெள்ளிக்கும் கீழே கிடைக்கிறது. எட்டு மாதத்தில் ஐந்து டப்பா தீர்த்திருக்கிறேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்த வகை உப்பைப் பல கம்பெனிகள் விற்கின்றன, பெயரைவிடப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் விகிதம்தான் முக்கியம். முதலில் நான் வாங்கியது, சோடியத்தைக் குறைக்கச் சேர்க்கும் பொட்டாசியம் குளோரைடு பாதிக்குப் பாதி கலந்தது. வாயில் வைக்க முடியவில்லை, நாக்கின் அடியில் தகரத்தை நக்கியதுபோல ஒரு கசப்பு. இப்போது வாங்குவதில் 70 பங்கு சாதா உப்பு, 30 பங்கு பொட்டாசியம். இதோடு குடும்பம் நடத்தலாம்.

நான் பதினோரு வருடம் ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் கடை வைத்திருந்தவள். மீ கோரெங், நாசி லெமாக், வெள்ளிக்கிழமைகளில் தோசை. நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்தும் உப்பை ஒருநாளும் அளந்து போட்டதில்லை. கை போடும், சரியாக இருக்கும். ஒரு நாள் காலை ஒன்பதரை மணி, இடைவேளை மணி அடிக்கப்போகிற நேரம். இடது காது விமானத்தில் அடைப்பதுபோல அடைத்துக்கொண்டது. உள்ளே ஓர் இரைச்சல், சங்கைக் காதில் வைத்ததுபோல. அடுத்து எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, எதிரே வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாமே ஒரே பக்கமாகச் சுழல ஆரம்பித்துவிட்டன. நான் சிமென்ட் தரையில் உட்கார்ந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தும் சுற்றல் நிற்கவில்லை. பக்கத்துக் கடை மலாய் அக்கா என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, கண்மணி இரண்டும் துடிக்கிறது என்று பயந்துபோனார். மூன்று மணி நேரம், நான்கு முறை வாந்தி. அன்று அந்த எண்ணெய் என் மேலோ ஒரு பிள்ளை மேலோ சாயாமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

முதலில் பார்த்த கிளினிக்கில் வாயு என்றார்கள். அடுத்த இடத்தில் இரத்த அழுத்தம் என்றார்கள். ஏழு மாதம் கழித்து, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் கேட்கும் திறனைச் சோதித்த பிறகுதான் மெனியர் நோய் என்று தெரிந்தது. இடது காதில் கனத்த ஒலிகள் மட்டும் இறங்கியிருந்தன. என் கணவரின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும், பேத்தியின் கீச்சுக்குரல் தெளிவாகக் கேட்கும். அது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

மருத்துவர் ஒரு காகிதத்தில் நத்தைக்கூடு மாதிரி உட்காதை வரைந்து காட்டினார். அதற்குள் ஒரு மெல்லிய பை, அந்தப் பைக்குள் ஒரு நீர். எனக்கு வந்திருப்பது அந்த நீர் அளவுக்கு மீறித் தேங்கிப் பை வீங்கும் கோளாறு என்றார். 1861ஆம் ஆண்டிலேயே பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இப்படிப்பட்ட தலைசுற்றலுக்கு மூலம் மூளையில் இல்லை, காதில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் இந்தக் காலத்தில்கூட அதைச் சொல்ல ஏழு மாதம் ஆகிவிட்டது! ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் 20 நிமிடத்திலும் நிற்கலாம், 12 மணி நேரமும் போகலாம். தலைசுற்றலுக்குப் பீட்டாஹிஸ்டின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே, ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கப் பாருங்கள், ஒரு நாள் கொட்டுவதும் ஒரு நாள் பட்டினி போடுவதும் வேண்டாம், ஒரே சீராக இருக்கட்டும் என்றார். உப்பைக் குறைத்தால் நோய் அடங்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் சொன்னதைக் கேட்டேன்.

ஒரு தேக்கரண்டி சாதா உப்பு ஐந்து கிராம், அதில் சோடியம் கிட்டத்தட்ட 2,000 மில்லிகிராம். அதாவது ஒரு நாள் முழுவதுக்கும் ஒரே கரண்டி, அதுவும் வேறு எதிலிருந்தும் உப்பு வராவிட்டால். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாக ஒரு நாளில் 3,620 மில்லிகிராம் உள்ளே தள்ளுகிறோம். முதல் மூன்று மாதம் நான் உப்பே போடாமல் சமைத்தேன். சாப்பாடு மருந்தாகிவிட்டது. தட்டைப் பார்த்தாலே அழுகை வரும். பத்துக் கிலோ இறங்கினேன். அப்போதுதான் மகள் இந்த டப்பாவை வாங்கி வந்தாள்.

இனி நாக்கின் கணக்கு. சாம்பாரில் இந்த உப்பு முழுசாக மறைந்துவிடுகிறது, புளியும் காயமும் கசப்பை விழுங்கிவிடுகின்றன. மீன் குழம்பில் இன்னும் நன்றாக இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரம் போட்டு வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு மாறியதை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தோசை மாவும் வழக்கம்போலப் பொங்கியது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மாவைச் சீக்கிரம் எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது, அது எந்த உப்புக்கும் பொது.

மாட்டிக்கொண்ட இடம் ரசம். ரசம் நீர்த்த பண்டம், ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கொதிக்கும்போதே உப்பைப் போட்டால் கடைசி மிடறில் கசப்பு எட்டிப்பார்க்கிறது. நாலைந்து முறை வைத்துப் பார்த்துக் கண்ட வழி: மிளகை ஒரு பங்கு கூட்டு, தக்காளியைக் கையால் நன்றாகப் பிசைந்து விடு, நுரை கட்டி இறக்கிய பிறகு உப்பைப் போட்டு, மேலே நாலு சொட்டு எலுமிச்சை பிழி. கசப்பு போய்விட்டது. இரண்டாவது டம்ளர் கேட்டு நீட்டினேன் என்று கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் இது ஒத்துவரவே இல்லை. பச்சைத் தேங்காயின் இனிப்புக்குப் பக்கத்தில் அந்தக் கசப்பு அப்பட்டமாக நிற்கிறது. அதற்குச் சாதா உப்பையே சிட்டிகையளவு போடுகிறேன். ஊறுகாயில் பரீட்சை செய்யவில்லை, ஊறுகாயையே விட்டுவிட்டேன்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த உப்பு நாக்குக்குக் கொஞ்சம் மந்தமாகப் படும், உடனே கை இன்னும் கொஞ்சம் போடும். சோடியத்தில் மிச்சம் பிடித்த 30 பங்கும் அங்கேயே போய்விடும். முதல் டப்பா இருபது நாளில் தீர்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. என் அம்மா எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தபோது, உப்பைக் கரண்டியால் போடாதே, கைக்குத்தான் குழம்பின் மனசு தெரியும் என்பார். அந்தக் கைக்கணக்கை விடுவது, கடையை விட்டதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது டப்பாவுக்குள்ளேயே ஓர் அளவுக் கரண்டி கிடக்கிறது. நாலு பேருக்கான சாம்பாருக்குத் தலை தட்டி ஒன்றரைக் கரண்டி. அதில் என் பங்குக்கு வருவது 500 மில்லிகிராம் சொச்சம். மூன்று வாரத்தில் நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை டப்பாவில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. சோடியம் குறைவு என்றால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று முதல் வாரம் அவருக்கும் இதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னதும், மருந்தாளர் எழுந்து வெளியே வந்து, இன்றோடு நிறுத்துங்கள் என்றார். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அத்தைக்கு உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளையாக அளவு ஏறவில்லை. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்டான் சாப்பிடுகிறவர்களும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மெனியர் நோய்க்கும் நீர் மாத்திரை கொடுப்பதுண்டு, அதிலும் பொட்டாசியத்தைத் தேக்குகிற வகை இருக்கிறது. ஆகவே என் மாதிரி ஆட்கள் இரண்டு தடவை கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் உப்பில்லாமல் குழம்பு கொதிக்கும். அத்தைக்குச் சின்னச் சட்டியில் முகந்து, சாதா உப்பு அவர் கணக்குக்குச் சிட்டிகையாகப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு இதைப் போடுவேன். இந்த டப்பாவில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அத்தைக்குக் கண் மங்கல், ஆனாலும் சிவப்பு தெரியும். “அம்மாடி, சிவப்பு உன்னோடது, நான் தொடமாட்டேன்” என்பார்.

வெளிச் சாப்பாட்டுக்கு இந்த டப்பா ஒன்றும் செய்யாது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம். உடனடி நூடல்ஸ் பொட்டலத்தின் பின்பக்கம் 1,500ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்துத் திரும்ப வைத்திருக்கிறேன். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். உணவங்காடிக்குப் போனால் மீன் சூப்பில் மீனையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டுச் சாற்றை அப்படியே விட்டுவிடுகிறேன்.

பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இதற்கு முன் மாதத்துக்கு இரண்டு முறை விழுந்துகொண்டிருந்தேன், இந்த எட்டு மாதத்தில் மொத்தம் மூன்று முறை. மாத்திரையும் சாப்பிடுகிறேன், இந்த நோயே அலை மாதிரி ஏறி இறங்குவது. ஆகவே அந்தப் பெருமை முழுவதையும் ஒரு டப்பாவுக்குக் கொடுக்கமாட்டேன். காதிரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. இந்த உப்பு எனக்குத் திருப்பிக் கொடுத்தது சாப்பாட்டை. இறங்கிய பத்துக் கிலோவில் ஆறு கிலோ ஏறிவிட்டது.

போன வாரம் தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைந்தேன். எள்ளும் ஓமமும் சேர்ந்த மாவில் இந்த உப்பு துளியும் தெரியவில்லை. அத்தைக்கென்று தனியாக ஒரு பிடி பிசைந்து, எது எது என்று கலந்துவிடாமல் இருக்க, அவருடையதை மட்டும் சின்னச் சின்ன வட்டமாகப் பிழிந்து வைத்தேன். அடுப்புப் பக்கம் என்னைத் தனியாக விடமாட்டேன் என்று கணவர் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என் வலது காதுப் பக்கமாக.