டியர்டிராப் ட்ரெய்லருக்கு பீடிங்: எது மலிவு, எது மலிவு போலத் தெரிகிறது

டியர்டிராப் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டிப் படுக்கையறை. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த் துளி போல இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. அமெரிக்காவில் 1930களிலிருந்தே இதை வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் உண்டு. பலரும் 4 அடிக்கு 8 அடி என்று வைப்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பிளைவுட் அந்த அளவில்தான் வருகிறது.

ஓஹையோவில் என் வீட்டுக் கேரேஜில் இரண்டு குளிர்காலம் இதோடு மல்லுக்கட்டினேன். அடிச்சட்டம், சுவர், கூரை எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போட்டு வைத்திருந்தேன். போடாமல் விட்டது ஒன்றே ஒன்று: கூரைத் தகடும் பக்கச் சுவரும் சந்திக்கும் விளிம்பில் ஓடுகிற பட்டை. நம் ஊர் ஆசாரி பீடிங் என்பாரே, அதுதான். மேசையில் அது அழகுக்கு. இங்கே மழைக்கு. பிளைவுட்டின் வெட்டுமுகம் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். ஒரு தடவை இழுத்துவிட்டால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிடும்.

எவ்வளவு பட்டை வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். 8 அடி நீளம், 4 அடி உயரம் என்றால் பக்கச்சுவர் ஏறக்குறைய அரைவட்டம். அதன் வளைவு மட்டும் பன்னிரண்டரை அடி. நிஜத்தில் முன்பக்கம் கொஞ்சம் சதுரமாக இருக்கும் என்பதால் 13, 14 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் 28 அடி. 8 அடித் துண்டுகள் நாலு வாங்கினால் சரியாகப் போகும், ஒன்றை வீணாக்காத வரைக்கும்.

எல்லாரும் முதலில் போய் நிற்கும் இடம் ஹார்டுவேர் கடையின் அலுமினிய ஆங்கிள், அதாவது எல் (L) வடிவப் பட்டை. நானும் அங்கேதான் போனேன். இரண்டு பக்கமும் 1 அங்குலம், தடிமன் பதினாறில் ஒரு அங்குலம், 8 அடி நீளம். நான் வாங்கியபோது ஒன்று இருபது டாலரைச் சுற்றி இருந்தது. நேர்க்கோட்டில் வைத்தால் அருமையான சாமான். வளைக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். கூரைமேல் படுக்கிற பக்கம் சொன்ன பேச்சுக் கேட்டு வளையும். சுவரோடு ஒட்டி நிற்கிற பக்கம் வளைவின் உட்புறத்தில் மாட்டிக்கொள்கிறது. அது சுருங்கியாக வேண்டும், சுருங்க இடமில்லை. அதனால் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக எழுந்துவிடும். கூரையின் நடுப்பகுதி போல நீண்டு தாழ்ந்த வளைவில் ஒரு மாதிரி சமாளிக்கலாம். முன்மூக்கில், ஒன்றரை அடி ஆரத்தில், என் கையில் அது படியவே இல்லை.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது, அலுமினியத்தைச் சூடாக்கி மென்மையாக்குவது. அலுமினியம் உருகுவதற்கு முன்னால் இரும்பைப் போலச் சிவக்காது. பார்த்தால் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும், அடுத்த நொடி சொட்டும். ஆகவே பழைய ஆட்கள் சோப்பைத் தேய்த்துவிட்டு அடியிலிருந்து சூடு காட்டுவார்கள். சோப்பு கருகிக் கறுத்ததும் சூட்டை எடுத்துவிட வேண்டும். மென்மையாவதற்குத் தேவை சுமார் 400 டிகிரி செல்சியஸ், உருகத் தொடங்குவது 600ஐ ஒட்டி. கேட்க நிறைய இடைவெளி மாதிரி இருக்கிறது. எரிவாயு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அப்படித் தெரியாது. முதல் ஆங்கிளில் ஒரு ஓட்டை போட்டேன். இரண்டாவதில் சோப்பைப் பொறுமையாகத் தேய்த்து, ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சின்மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். வளைந்தது. அந்த ஒரு மூக்குக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. 1 அங்குலத்துக்குப் பதில் அரை அங்குல ஆங்கிள் எடுத்திருந்தால் மடிப்பு குறைந்திருக்கும். ஆனால் அதில் ஸ்க்ரூவுக்கும், தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலண்டுக்கும் போதுமான அகலம் மிஞ்சாது.

இதற்கு நேர் போட்டி, கேம்பர் வண்டிகளுக்கென்றே, அதாவது உள்ளே தங்கிப் பயணம் போகிற வண்டிகளுக்கென்றே, செய்யப்படும் அலுமினியப் பட்டை. மென்மையான கலவை, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஸ்க்ரூவை இறக்கிவிட்டு, மேலே வினைல் நாடாவை அழுத்திவிட்டால் ஸ்க்ரூத் தலை எதுவும் வெளியே தெரியாது. மிதமான வளைவுகளுக்கு நெருப்பு வேண்டாம், கையாலேயே வளைத்துக்கொண்டு போகலாம். அடிக்கணக்கில் ஆங்கிளைவிட விலை கூடுதல்தான். ஆனால் என் பட்ஜெட்டை உடைத்தது அந்த வித்தியாசம் இல்லை, கூரியர். அமெரிக்காவின் பெரிய பார்சல் நிறுவனங்கள் பெட்டி 48 அங்குலத்தைத் தாண்டினாலே தனிக் கட்டணம் போடுகின்றன. 96 அங்குலத்தைத் தாண்டினால் இன்னொரு பெரிய கட்டணம். 8 அடி என்பது சரியாக 96 அங்குலம். பட்டையை அட்டைக் குழாயில் போட்டு மூடினால் நீளம் 97 ஆகிவிடும்! பொருளின் விலைக்குக் கிட்டத்தட்ட சமமாக அனுப்புக்கூலி வந்ததைப் பார்த்துவிட்டு கணினியை மூடி வைத்தேன்.

அப்புறம் செய்த வேலையை முதலிலேயே செய்திருக்கலாம். பக்கத்து ஊரில் பழைய கேம்பர் வண்டிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை ஒன்று உண்டு. இந்தப் பட்டை 16 அடி நீளத்திலும் வரும். அவர்களிடம் அது கட்டுக்கட்டாகக் கிடந்தது. கேட்டதும் இரண்டு துண்டு கொடுத்தார்கள். காரின் கூரைமேல் முன்னும் பின்னும் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்துக்கு ஒரே நீளம் என்பதால் நடுவில் இணைப்பே இல்லை. தண்ணீர் முதலில் கண்டுபிடிப்பது இணைப்பைத்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கணக்கு இது: உங்கள் வளைவுகளில் மிகச் சிறியது இரண்டடி ஆரத்துக்கு மேல் என்றால் ஆங்கிள் போதும், காசு மிச்சம். அதற்குக் கீழே போனால் கேம்பர் பட்டைதான் மலிவு. வீணாகும் துண்டையும் டார்ச்சின் வாயுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என் சனிக்கிழமையைச் சேர்க்கவே இல்லை. பலகையில் பென்சிலால் வளைவு வரையும்போதே இதை யோசித்திருந்தால் மூக்கைக் கொஞ்சம் சாதுவாக வரைந்திருப்பேன்.

பிளாஸ்டிக் டி-பட்டையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மேசை விளிம்பிலும் பழைய வீடியோகேம் பெட்டிகளிலும் இருக்குமே, நடுவில் முள் வைத்தது. ரூட்டர் என்கிற மரம் குடையும் இயந்திரத்தால் பலகையின் வெட்டுமுகத்தில் ஒரு காடி எடுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டால் முடிந்தது. விலை குறைவு, எந்த வளைவுக்கும் மறுப்பே சொல்லாது. இருந்தாலும் கூரை விளிம்புக்கு வேண்டாம். இது வெட்டுமுகத்தை மட்டும்தான் மூடும், கூரைத் தகட்டின் ஓரத்தைப் பிடிக்காது. போதாக்குறைக்கு நாமே பலகையில் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் அளவும் அதிகம். 40 டிகிரி ஏறி இறங்கினால் 8 அடி அலுமினியம் சுமார் 2 மில்லிமீட்டர் அசையும், பிவிசி அதைப்போல மூன்று மடங்கு. உள்ளே சமையல் மேடைக்கும் அலமாரிக்கும் இதைவிட நல்லது இல்லை. நானும் அங்கேதான் போட்டேன்.

வீட்டுக் கூரை ஓரத்தில் அடிக்கிற மெல்லிய தகடு எல்லாவற்றையும்விட மலிவு. தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகவே இருக்கும். கிட்டே வந்தால் கத்தரியால் வெட்டி மடித்த ஒவ்வொரு இடமும் தெரியும், கையையும் கிழிக்கும். மரப்பட்டை அழகு, ஆனால் வருஷா வருஷம் வார்னிஷ் கேட்கும். கம்பி உள்ளே வைத்த ரப்பர் பட்டையை கதவுச் சட்டத்துக்கும் பின்மூடி வாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள், கூரைக்கு அது வேலைக்காகாது.

கூரைக்கு இன்னும் அலுமினியத் தகடு வாங்காதவர்களுக்குப் பட்டையே இல்லாத ஒரு வழி உண்டு. விளிம்பை ரூட்டரால் உருட்டிவிட்டு, ஃபைபர் கிளாஸ் நாடாவை எபாக்ஸி என்கிற இறுகும் பிசினில் நனைத்து மூலையைச் சுற்றி ஒட்டுவது. கூர்மூலையில் கண்ணாடி இழை படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் உருட்டுவதைத் தவிர்க்க முடியாது. எபாக்ஸி வெயிலைத் தாங்காது என்பதால் மேலே பெயிண்ட் கட்டாயம். இன்னும் சிக்கனமானவர்கள் கித்தான் துணியை மரப் பசையில் தோய்த்து ஒட்டி, மேலே பல கோட்டு வெளிப்புறப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பார்க்கப் பளபளக்காது. ஆனால் பட்டைச் செலவு பூஜ்யம், ஸ்க்ரூ ஓட்டையும் பூஜ்யம். அடுத்த வண்டி ஒன்று செய்தால் நான் இந்தப் பக்கம் சாய்வேன் என்று நினைக்கிறேன்.

எந்தப் பட்டை போட்டாலும் மழையை நிறுத்துவது பட்டை இல்லை, அதன் அடியில் வைக்கிற பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் நாடா. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சிலிக்கான் வேண்டவே வேண்டாம். நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தால் அதைச் சுரண்டி எடுத்து மாளாது, அது இருந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது. ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அடிச்சட்டத்தில் செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் போட்டிருந்தால் அலுமினியம் அதைத் தொடாமல் நடுவில் எதையாவது வையுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் அரித்துவிடும். வினைல் நாடாவை இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துவிடுங்கள், அது நாளாவட்டத்தில் சுருங்கும்.

ஸ்க்ரூக்களை முதல் நாளே முழுசாக முறுக்காதீர்கள். வண்டியை நாலு நாள் வெயிலில் நிறுத்தினால் டேப் இளகி ஓரத்தில் பிதுங்கும். அப்போது இன்னொரு சுற்று முறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வினைல் நாடாவை அழுத்துங்கள். நான் அவசரப்பட்டு முதல் நாளே அழுத்திவிட்டேன். ஒரு பக்கம் முழுவதும் திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது.