ஜிர்கோனியா கேப்: பல் பிழைத்தது, பக்கத்து இடுக்குதான் உயிரை வாங்கியது

கூட வேலை பார்க்கும் நண்பருக்குக் கடைவாய்ப் பல்லில் விரிசலாம். ரூட் கெனால் செய்து, அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்துவிட்டு, மேலே உறை மாதிரி கேப் போடச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதான் போட்டிருக்கீங்களே சார், போடலாமா, இல்ல புடுங்கிடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதம்தான் அதே இடத்தில் மறுபடி ஒரு ரிப்பேர் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது கீழ்வரிசையில் வலது பக்கம், முதல் பெரிய கடைவாய்ப் பல். கல்லூரிக் காலத்தில் அடைத்த பெரிய வெள்ளி ஃபில்லிங் அதில் இருந்தது. அப்படிப் பாதிப் பல்லை அடைப்பே பிடித்துக்கொண்டிருந்தால், சுற்றி நிற்கும் மெல்லிய சுவர் நாளாவட்டத்தில் விரிசல் விடும். இந்த வலி ஒரு தனி தினுசு. கடிக்கும்போதுகூடத் தாங்கிக்கொள்ளலாம், கடித்துவிட்டு வாயைத் திறக்கிற அந்த நொடியில்தான் சுரீரென்று இழுக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கடைவாய்ப் பல் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுவதால் படத்தில் அகப்படாது. டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பல்லின் மேல் மேடாக இருக்கும் ஒவ்வொரு முகடாக வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே இழுக்கிறது என்று பார்த்துத்தான் பிடித்தார். அந்தப் பொறுமைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் அடங்காமல் நின்று வலித்ததால் முதலில் ரூட் கெனால், அதற்கு 4,500 ரூபாய். அப்புறம் ஜிர்கோனியா கேப், அதாவது உள்ளே மெட்டல் இல்லாத கெட்டியான வெள்ளை செராமிக், 9,000. உள்ளே மெட்டல் வைத்த செராமிக் கேப் இதைவிட மலிவு, ஆனால் மேல்பூச்சு சில்லாகப் பெயரலாம், சில வருடத்தில் ஈறு ஓரத்தில் கருப்பாகக் கோடு தெரியலாம் என்றார்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. கேப்பைப் பற்றி மட்டும் கேட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. தட்டை, முறுக்கு, வறுத்த கடலை, பொங்கலுக்குக் கரும்பு, எதற்கும் அசரவில்லை. ஒரு கீறல் கிடையாது, நிறம் மங்கவில்லை. கடி உயரமும் கச்சிதம். மாட்டிய அன்று நீலக் கார்பன் தாளைக் கடிக்க வைத்து, சாயம் அழுத்தமாக ஒட்டிய புள்ளிகளை மட்டும் தேய்த்து, மறுபடி கடிக்க வைத்து, கொஞ்சமும் அவசரப்படாமல் செய்தார்கள். வலது பக்கம் சோறு மெல்வதையே விட்டிருந்த எனக்கு, முதல் தடவை ஒரு வெள்ளரித் துண்டை அந்தப் பக்கம் தள்ளி நறுக்கென்று கடித்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது.

பிரச்சினை கேப்பில் இல்லை. கேப்புக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிறது.

இரண்டு பல்லும் பக்கவாட்டில் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை இறக்கினால் டிக்கென்று ஒரு சின்ன சத்தத்தோடு போக வேண்டும், இழுத்தால் அதே மாதிரி வெளியே வர வேண்டும். எனக்கு இடது பக்கம் எல்லாப் பல்லிலும் அப்படித்தான். கேப்புக்குப் பின்னால் மட்டும் நூல் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணாடியில் பார்த்தால் இடைவெளியே தெரியாது. ஆனால் மெல்லும்போது மேல் பல்லின் முகடு உலக்கை மாதிரி இடித்து இடித்து நாரை உள்ளே இறக்கிவிடும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆட்டுக்கறி, எது சாப்பிட்டாலும் அங்கேதான். கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டிலேயே ஈறு விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும், பக்கத்தில் ஆள் பேசிக்கொண்டிருப்பார், நாக்கு அந்த இடுக்கைவிட்டு நகராது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ் இருக்கும். ஒருவேளை எடுக்க மறந்தால் ராத்திரிக்குள் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம், ஒரு வாடை.

திரும்பப் போய்ச் சொன்னேன். "கொஞ்ச நாள்ல பழகிடும் சார்" என்றார்கள். எதற்குப் பழக வேண்டும்? ஈறுக்கும் எலும்புக்கும் பழக்கம் என்று ஒன்று கிடையாது. அங்கே தங்குகிற சோறு தினமும் அரிக்கும். அடுத்த முறை போனபோது சொன்ன வழி, கேப்பை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செய்வது, செலவு என்னுடையது. கையில் கொடுத்த வாரண்டி அட்டை கேப் உடைந்தால்தான் செல்லுமாம், இடுக்குக்குச் செல்லாதாம். சிமென்ட் வைத்து ஒட்டுவதற்கு முன்னால் நூலை விட்டுப் பார்த்திருந்தால் கேப் செய்யும் லேபுக்குத் திருப்பி அனுப்பி அந்தப் பக்கம் கொஞ்சம் செராமிக் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. உயரத்துக்கு அவ்வளவு நேரம் செலவழித்தவர்கள் இதைப் பார்க்காமல் ஒட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நியாயமாகச் சொன்னால், சரியாகச் செய்த கேப்பிலும் பல் மெல்ல நகர்ந்து பின்னாளில் இடைவெளி விழுவது உண்டு. என்னுடையது முதல் வாரத்திலிருந்தே இப்படி.

கடைசியில் நடந்தது என்னவென்றால், பின்னால் இருந்த நல்ல பல்லின் பக்கச் சுவரில் சொத்தை. வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார். சொத்தையைச் சுரண்டிவிட்டு, ஒரு மெல்லிய ஸ்டீல் பட்டையை நடுவில் நிறுத்தி, ஆப்பு செருகி, கேப்பைத் தொடும்படியாக வெள்ளை ஃபில்லிங்கால் சுவரைக் கட்டினார். 1,800 ரூபாய். முடித்ததும் நூலை என் கையிலேயே கொடுத்து விட்டுப் பார்க்கச் சொன்னார். டிக்கென்றது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார், ஒரு நார்கூடச் சிக்கவில்லை. சந்தோஷத்தைவிட எனக்கு எரிச்சல்தான் அதிகம் வந்தது. ஒரு துளைகூட இல்லாமல் இருந்த பல், இந்த இடுக்கினால் ஃபில்லிங் பல் ஆகிவிட்டது.

நண்பருக்கு என் பதில்: பிடுங்காதீர்கள், விரிசல் வேர்வரை இறங்கவில்லை என்றால் கேப்பே போடுங்கள், ஜிர்கோனியாவே போடுங்கள். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஃப்ளாஸ் விட்டுக் காட்டச் சொல்லுங்கள், வழுக்கினால் அன்றைக்கு ஒட்ட விடாதீர்கள். என் கேப்புக்கு மார்க் கேட்டால் பத்துக்கு நாலு. அந்த நாலும் விரிசலைக் கண்டுபிடித்ததற்கு.